தெற்கு முனை, நம்பர் இருபத்திரண்டு

அந்த மனிதர் முழுசாக உட்கார்ந்து நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் அரைகுறைதான். பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்பை வைத்து, வலது காலை முன்னால் ஊன்றி, யாராவது வந்தால் எழுந்துவிடத் தயாராகவே இருப்பார். யாராவது என்றால் யார் வேண்டுமானாலும். மேனேஜர் வந்தால் எழுந்தார், சரி, சம்பளம் கொடுக்கிறவர். மேனேஜர் வீட்டு நாய் வந்தபோதும் எழுந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அன்றைக்கு வந்த எரிச்சல் எனக்கு இன்னும் முழுசாகத் தணியவில்லை.

ஊரே அவரை மார்க்கர் என்றுதான் கூப்பிட்டது. மரக்காணத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்த உப்புக் கம்பெனியில் ஆபீசர்களுக்கென்று ஒரு கிளப்பும், கிளப்புக்குப் பின்னால் ஒரு டென்னிஸ் கோர்ட்டும் இருந்தன. அந்தக் கோர்ட்டுக்கு ரோலர் இழுத்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி, ஆள் குறைந்தால் மட்டையும் பிடிக்கிறவருக்கு மார்க்கர் என்று பெயர். சம்பளப் பட்டியலில் அவருடைய சொந்தப் பெயரை மாதாமாதம் நான்தான் டைப் அடித்தேன். இப்போது அதை இங்கே எழுதினால் யாருக்கும் அடையாளம் தெரியாது. மார்க்கர் என்றே இருக்கட்டும்.

எழுபதுகளின் நடுவில் இது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அப்பா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார், என்னவோ எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதைச் சொல்கிற மாதிரி. ஆபீசில் பியூன் முதற்கொண்டு எல்லாரும் மார்க்கரை ‘வா, போ’ என்றார்கள். நாற்பத்தைந்து வயது மனிதரை! நான் மட்டும் ‘வாங்க, போங்க’ என்றேன். அதைப் பெரிய புரட்சி என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அவரும் எங்களைப் போல வேதக்காரர்தான், ஒரே மாதா கோயில்தான். ஆனால் அவர் காலனிக்காரர். கோயிலில் எங்கள் குடும்பத்துக்கு மூன்றாவது பெஞ்சு. காலனிக்காரர்களுக்குப் பின்னால் தரை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தத் தரையைத் தாண்டித்தான் என் பெஞ்சுக்குப் போவேன். போகும்போது கோபம் வந்ததாக ஞாபகம் இல்லை.

மார்க்கர் ஆட்டத்தில் கெட்டிக்காரர். சும்மா சொல்லக் கூடாது, கிளப்பில் அவரை ஜெயிக்கிற ஆபீசர் ஒருத்தரும் கிடையாது. ஆனால் எல்லாரும் அவரை ஜெயித்தார்கள். மேனேஜர் அடித்த பந்து கோட்டுக்கு ஒரு சாண் வெளியே விழும். சுண்ணாம்புக் கோடு போட்டவரே அவர்தான், தெரியாதா? “லைன்ல பட்டுதுங்க சார்” என்பார். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஒரு நாள் டைப் மெஷினை விட்டுவிட்டுக் கத்தியே விட்டேன்.

“அது அவுட்டு! எனக்கே தெரியுது!”

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். மார்க்கர் வலைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார். “அம்மாவுக்குத் தூரத்துலேருந்து அப்படித் தெரியுதுங்க சார்” என்றார். என்னைக் காப்பாற்றினார் என்று எல்லாரும் சொன்னார்கள். யார் கேட்டது?

அவர் எழுந்துகொள்கிற கதைக்கு வருகிறேன். திண்டிவனம் போகிற பஸ்ஸில் ஒரு நாள் அவரும் இருந்தார். கிளியனூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணமாம், வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எனக்குப் பின்னால் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தார், வழக்கம்போல ஓரத்தில். அவருக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் காலில் கட்டுப் போட்ட ஒரு உப்பளக்காரர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். வழியில் உப்புப் பாத்தி முதலாளி ஒருத்தரின் மகன் ஏறினான். மீசைகூட முளைக்காத பையன். கண்டக்டர் உடனே அந்தச் சீட்டைக் காட்டி, “ஏம்பா, யாராச்சும் எழுந்து தம்பிக்கு எடம் குடுங்கப்பா” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, மார்க்கர் எழுந்துவிட்டார்.

“ஏன் எழுந்தீங்க? டிக்கெட் வாங்கினீங்க இல்ல?” என்று நான் திரும்பிக் கேட்டேன். பஸ் முழுக்கக் கேட்கிற குரல் என்னுடையது.

“கால் மரத்துப்போச்சும்மா. நின்னா சரியாப்பூடும்.”

திண்டிவனம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

‘கால் மரத்துப்போச்சும்மா.’ அவரை நினைத்தால் முதலில் காதில் விழுவது அதுதான். எதற்கும் அதே பதில். கம்பெனியில் ஆயுத பூஜைக்குச் சாப்பாடு போடுவார்கள், குடோனில் பாய் விரித்து, வரிசையாக இலை. ஒரு வருஷம் மார்க்கர் பாதி சாப்பாட்டில் இருந்தார். பக்கத்தில் வாட்ச்மேனும் அவருடைய சின்ன மகளும். அந்தக் குழந்தை கேசரியை விரலால் எடுத்து எடுத்து நக்கிக்கொண்டிருந்தது. அப்போது லாரி காண்ட்ராக்டர் ஒருத்தர் தாமதமாக வந்து சேர்ந்தார். சூப்பர்வைசர் அந்த வரிசையைப் பார்த்துக் கையைச் சொடுக்கினார். “ஒரு எலை காலி பண்ணுங்கப்பா.” மார்க்கர் சாம்பார் சோற்றோடு இலையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

சாப்பிடுகிற இலையிலிருந்து ஒரு மனுஷனை எழுப்புவதா! எழுப்பினவனை விட எழுந்தவர்மேல்தான் எனக்கு ஆத்திரம். கை கழுவுகிற இடத்துக்கே போய்ப் பிடித்துக்கொண்டேன்.

“இப்பவும் கால்தான் மரத்துப்போச்சா? இல்ல மானம் மரத்துப்போச்சா?”

அவர் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழுவினார். “நீங்க போயி சாப்புடுங்கம்மா, பாயசம் ஊத்துறாங்க” என்றார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதுவும் அவர்மேல் உள்ள கோபக் கணக்கில் சேர்ந்தது.

இந்த நிலையில்தான் மெட்ராஸில் பெரிய டென்னிஸ் போட்டி வருகிறது, வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள் என்று கிளப்புக்கு ஒரு காகிதம் வந்தது. நாலு பக்கமும் உட்காருமிடம் வரைந்து, ஏ, பி, சி என்று பிரித்திருந்தார்கள். மேனேஜர் குடும்பத்தோடு போவதென்று முடிவு செய்தார். “எங்க உக்காந்தா நல்லாத் தெரியும்னு பாத்துச் சொல்லு” என்று மார்க்கரிடம் சொல்லிவிட்டு, என்னை விண்ணப்பக் கடிதம் டைப் அடிக்கச் சொன்னார்.

ஒரு வாரம் அந்தக் காகிதம் என் மேஜைமேலேயே கிடந்தது. அதில் இருந்த இங்கிலீஷை நான் படித்துச் சொல்ல வேண்டும், மார்க்கர் யோசிக்க வேண்டும். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு படத்தைத் தலைகீழாகவே பார்த்தார். தலைகீழாகப் பார்த்தே எனக்குப் புரியாததெல்லாம் அவருக்குப் புரிந்தது.

“ஏ-ன்னா மேக்கால. பின்னால வெயில், மூஞ்சிக்கு நெழல். அதான் வெலை. ஆனா மொத வரிசை வேணாம்னு சார்கிட்ட சொல்லுங்க. அம்பயர் ஏணி போட்டு உக்காந்திருப்பாரு, மறைக்கும். ஏழாவது வரிசைதான் சரி.”

“சி?”

“சி கெழக்கால. நாலு மணிக்கு மேல நேரா கண்ணுல அடிக்கும். மரக் கேலரி, நம்பரும் கெடையாது. போறவன் உக்காந்துக்க வேண்டியது.”

“உங்களுக்கு எது?”

அவர் விரலால் படத்தின் ஒரு முனையைத் தொட்டார். கோர்ட்டுக்குப் பின்னால், தெற்குப் பக்கம். பி வகுப்பு.

“ஏ தானே ஒசத்தி?”

“பக்கத்துல உக்காந்தா தலைதாம்மா ஆடும், இப்படியும் அப்படியும். முனையில உக்காந்தாதான் ஆட்டம். பந்து எங்க வருதுன்னு அடிக்கிறதுக்கு முன்னாலயே தெரிஞ்சிப்பூடும். அதுலயும் தெக்கு முனைன்னா வெயில் முதுகுக்குப் பின்னால நிக்கும்.”

வெயில் அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. கிளப்புக்கு வருவதற்கு முன்னால் பத்து வயதிலிருந்து உப்புப் பாத்தியில் இருந்தவர். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலையே பார்த்துப் பார்த்து இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. வலது கண்ணும் வெயிலுக்கு எதிரே நின்றால் ஒன்றும் காட்டாது, எல்லாம் வெள்ளை. கோர்ட்டில் அந்தப் பக்கம் ஆட நேர்ந்தால் மட்டையில் பந்து பட்ட சத்தத்தை வைத்தே ஓடுவார். இருபது வருஷம் டென்னிஸ் கோர்ட்டில் கிடந்தவர், ஒரு நிஜமான ஆட்டத்தைப் பார்த்ததில்லை. கிளப்பு ரேடியோவில் வர்ணனை கேட்டதோடு சரி. சாவதற்குள் ஒரு ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அந்த மேஜைக்கு எதிரே நின்று என்னிடம் சொன்னார். அவருக்கு ஏதாவது வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

மேனேஜர் அவருக்குக் கம்பெனி செலவில் சி வகுப்பு தருவதாகச் சொன்னார். மார்க்கர் வேண்டாம் என்றுவிட்டார். வீட்டில் நின்ற கிடாவை விற்றுத் தன் டிக்கெட்டைத் தானே வாங்கப் போவதாகச் சொன்னார். எனக்கும் ஒரு டிக்கெட் விழுந்தது, கம்பெனி செலவில். மேனேஜர் வீட்டம்மாவுக்குக் குழந்தைகளைப் பிடிக்க ஆள் வேண்டும். டைப்பிஸ்டுக்கு ஏ எதற்கு, கூப்பிட்டால் ஓடி வருகிற தூரத்தில் பி போதும் என்றார்கள். மார்க்கர் பக்கத்திலேயே எனக்கும் வாங்குவதென்று ஆயிற்று.

“பி-யில நாற்காலிக்கு நம்பர் உண்டாம்மா?” என்று மார்க்கர் கேட்டார்.

“உண்டு. டிக்கெட்லயும் அதே நம்பர் இருக்கும்.”

“நம்பர் போட்டிருந்தா யாரும் எழுப்ப மாட்டாங்க இல்ல?”

அந்தக் கேள்வி எனக்கு எங்கேயோ போய்க் குத்தியது. “எவனாலயும் முடியாது. எழுப்பினா போலீஸ்ல சொல்லலாம். நீங்க எழுந்திருக்க மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணுங்க. மாதா மேல.”

“அதுக்கெல்லாம் எதுக்கும்மா மாதாவ இழுக்கிறீங்க” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். சத்தியம் பண்ணவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

டிக்கெட் வாங்க அவரைத்தான் மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். விண்ணப்பத்தைக் கொடுத்து மத்தியானமே வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பியிருக்கலாம். மறுநாள் காலையில்தான் வந்தார். மேனேஜர் காய்ச்சி எடுத்தார். விஷயம் என்னவென்றால், கவுண்டரில் கேட்டவுடன் டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். இவர் வாங்கவில்லை. மைதானத்துக்குள்ளே போய் வெறும் கேலரியில் நின்று, நாலு மணிக்கு வெயில் எங்கே விழுகிறது, நாலரைக்கு எங்கே நகர்கிறது, பந்தல் நிழல் எந்த வரிசை வரைக்கும் வருகிறது என்று பார்த்திருக்கிறார். அப்புறம் இறங்கி வந்து, மூடப் போன கவுண்டரில் கெஞ்சி, பார்த்து வைத்த இடத்தையே கேட்டு வாங்கியிருக்கிறார். கடைசி பஸ் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டிலேயே படுத்து எழுந்து வந்தார். “அடிச்சி வெச்ச மாதிரி எடம்மா, சூரியன் நமக்குப் பின்னாலதான்” என்று என்னிடம் சொன்னபோது, திட்டு வாங்கின முகமாகவே அது இல்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வேனில் போனோம். மேனேஜர், வீட்டம்மா, இரண்டு குழந்தைகள், நான், டிரைவருக்குப் பக்கத்தில் மார்க்கர். கல்யாண வெள்ளைச் சட்டை. டிக்கெட்டெல்லாம் அவர் கையில்தான். மேனேஜர் குடும்பத்தை ஏழாவது வரிசையில் கொண்டுபோய் உட்கார்த்திவிட்டு என்னைத் தெற்கு முனைக்கு அழைத்துப் போனார். “இதுல உக்காருங்கம்மா” என்று ஒரு நாற்காலியைக் காட்டி, என் டிக்கெட்டின் பாதியைக் கொடுத்தார். “பத்திரம். வெளிய போயிட்டு வந்தா கேப்பான்.” நான் அதைப் பார்க்கக்கூட இல்லை, கைப்பையில் இருந்த ஜெபப் புத்தகத்துக்குள் செருகினேன். நம்பரை நாற்காலியின் முதுகில் வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்தார்கள். உட்கார்ந்தபின் எது யாருடையது என்று தெரியாது.

மார்க்கர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் ஓரத்தில். அப்புறம் ஒருமுறை பின்னால் திரும்பிச் சூரியனைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாக நகர்ந்து முதுகை நாற்காலியில் சாய்த்தார். இரண்டு காலையும் நீட்டினார். முதல் தடவையாக அந்த மனிதர் முழுசாக உட்கார்ந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

ஆட்டக்காரர்கள் இரண்டு பேரும் கை சூடாவதற்காகச் சும்மா தட்டிக்கொண்டிருந்தார்கள். “சத்தத்தக் கேட்டீங்களாம்மா? நம்ம கிளப்புல இந்தச் சத்தம் வந்ததே இல்ல” என்றார். பல் தெரியச் சிரித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம்.

அம்பயர் ஏணியில் ஏறி உட்கார்ந்தார். அப்போது நடைவழியில் மேனேஜர் வந்து நின்றார். கூட ஒரு ஆள், பட்டுப்போன்ற சட்டை, கூலிங் கிளாஸ். மேனேஜர் கையில் ஒரு சீட்டு. அதைப் பார்த்துப் படித்தார்.

“பி, தெற்கு, இருபத்திரண்டு. யாரு இருபத்திரண்டுல? எழுந்து எடம் குடுங்க. மச்சான் வந்திருக்காரு, டிக்கெட் தீந்துபோச்சாம்.”

“நான்தாங்க சார்” என்று மார்க்கர் எழுந்தார்.

“எதுக்கு எழுந்திருக்கீங்க? நம்பர் போட்டிருக்குது! உங்க காசு!” என்று நான் கத்தினேன். முன் வரிசையில் யாரோ உஷ் என்றார்கள். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை ஆடியது. எனக்கு அதுபற்றிக் கவலை இல்லை. நான் மார்க்கரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “உக்காருங்க. நான் சொல்றேன், உக்காருங்க.”

“கால் மரத்துப்போச்சும்மா” என்றார் மார்க்கர்.

மச்சான் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். செண்ட் வாசனை குப்பென்று அடித்தது.

மார்க்கரை வெளியே தள்ளிவிடாமல் கேட்டில் நின்ற ஆள் இரக்கப்பட்டுக் கிழக்குக் கேலரிக்குக் கீழே நிற்க விட்டிருந்தார். எனக்கு நேரே தெரிந்தது அந்த இடம். வெயில் அவர் முகத்தில் பளீரென்று விழுந்தது. நெற்றிக்குக் கையைக் கொடுத்து நின்றார். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை தலைகளும் பந்தோடு சேர்ந்து திரும்பின. அவர் தலை மட்டும் பிந்தித் திரும்பியது. சத்தம் கேட்டபிறகு திரும்பியது. ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. தெரியாமலே நின்று, இடம், வலம் என்று தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். போய்த் தொலையேன், வெளியே போய் ஒரு டீ குடியேன், ஏன் அங்கே நின்று என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறாய் என்று பல்லைக் கடித்தேன். மூன்று மணி நேரம் கோபத்தில் அவரையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

வேன் திண்டிவனம் நெருங்கும்போது முன் சீட்டிலிருந்து திரும்பி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கடைசி செட்டு எப்படிம்மா போச்சு? கை தட்டு பலமா இருந்துச்சே.”

“ஏன், நீங்களும் நின்னு பாத்தீங்களே. உங்களுக்குத் தெரியாதா?” என்றேன்.

அவர் முன்னால் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் நான் அவரிடம் பேசவில்லை. ஜன்னலை மூடிவிட்டு டைப் அடித்தேன். ரோலர் உருளுகிற சத்தம் கேட்டாலே எரிச்சல் வந்தது. தை போய், மாசி போய், ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவசு காலமும் முடிந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் நிரம்பி வழிந்தது. பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்த டிக்கெட் பாதி மடியில் விழுந்தது. அன்றைக்குச் செருகியதோடு சரி, இப்போதுதான் அதைப் படிக்கிறேன்.

பி. தெற்கு. 22.

என்னுடையது. அப்படியானால் மேனேஜர் கையில் இருந்த சீட்டு, கம்பெனி செலவில் வாங்கிய டிக்கெட்டுகளின் பட்டியல். அவர் எழுப்பச் சொன்னது என்னை. மார்க்கரின் நாற்காலி இருபத்திமூன்று, கிடா விற்று வாங்கியது, அதை யாரும் கேட்கவே இல்லை. நான் மாதாவை இழுத்துச் சத்தியம் கேட்டபோது அவர் சிரித்தது ஞாபகம் வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் எழுந்திருக்கச் சொன்ன சீட்டில் பக்கத்தில் காலில் கட்டுப் போட்டவர் இருந்தார். குடோனில் பக்கத்து இலையில் கேசரி நக்குகிற குழந்தை இருந்தது. மார்க்கர் எழுந்த இடத்திலெல்லாம், அவர் எழாவிட்டால் எழ வேண்டிய ஒருத்தர் இருந்தார். மானம் மரத்துப்போச்சா என்று நான் கேட்டேன். கை கழுவிக்கொண்டிருந்த மனிதரிடம் கேட்டேன்!

எனக்குக் கோபம் தாங்கவில்லை. அவர்மேலா, மேனேஜர்மேலா, என்மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. பெஞ்சிலிருந்து எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்தார், உதறிவிட்டேன். சாமியார் பேசிக்கொண்டே இருந்தார். நான் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி நடு வழியாகப் பின்னால் நடந்தேன். காலனிக்காரர்கள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தூண் ஓரத்தில் மார்க்கர்.

நான் எதிரே போய் நின்றதும் அவர் எழுந்துவிட்டார்.

அவர் எழுந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். ஒரு கிழவி தூணைப் பிடித்து எழுந்தாள். எனக்கு! மேனேஜருக்கு எழுந்த மாதிரி, மச்சானுக்கு எழுந்த மாதிரி, எனக்கு!

“உக்காருங்க” என்றேன். யாரும் உட்காரவில்லை. “உக்காருங்கன்னு சொல்றேன் இல்ல!”

“கால் மரத்து…” என்று மார்க்கர் ஆரம்பித்தார்.

வேறு வழி தெரியவில்லை. நான் அந்தத் தரையில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் உட்கார்ந்தார்கள், கடைசியாக அவர். டிக்கெட்டை அவர் முன்னால் வைத்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எண் தெரியும். பார்த்தார். என் பக்கம் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

“இப்பவாச்சும் சொல்லுங்கம்மா. கடைசி செட்டு எப்படிப் போச்சு?”

யார் ஜெயித்தார்கள் என்பதே வேனில் மேனேஜர் பேசியதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும்.

“எனக்குத் தெரியாது. நான் ஆட்டத்தையே பாக்கல” என்றேன்.

“பாக்கலன்னா?”

“கோவம். வெயில்ல நின்னுக்கிட்டிருந்த உங்களையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். கடைசி வரைக்கும்.”

மார்க்கர் என்னையே பார்த்தார். அவர் முகம் மாறியது. அந்த முகத்தில் அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை.

“ஏம்மா, உனக்கு அறிவு இருக்குதா?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிட்டது. குரல் கூரையில் போய் முட்டியது.

“நாலரை மணி வரைக்கும் வெயில் பாத்து வாங்குன சீட்டு! அந்த மாதிரி ஒரு சீட்டு அந்த மைதானத்துலயே கெடையாது! அதுல உக்காந்துக்கினு ஆட்டத்தப் பாக்காம என்னைப் பாத்தியா நீ? என் மூஞ்சியில என்னா இருக்குது?”

பிரசங்கம் நின்றுவிட்டது. முன் பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மூன்றாவது வரிசையில் அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். கோயில் ஒழுங்கைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் தன் இடத்திலிருந்து எழுந்து, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, எங்களை நோக்கி வந்தார். வந்து மார்க்கருக்கு எதிரே நின்று, வாசல் பக்கம் விரலைக் காட்டினார்.

மார்க்கர் உட்கார்ந்தே இருந்தார்.